கழுத்தில் தொங்கும் குட்டிக் கத்தி வாங்கலாமா? முதலில் இடுப்பைப் பாருங்கள்

நெக் நைஃப், அதாவது கழுத்தில் மாட்டும் குட்டிக் கத்தி, வாங்கலாமா என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வேலை செய்யும்போது இடுப்பில் என்ன கட்டியிருப்பீர்கள்? பெல்ட் போட்ட பேன்ட், அதில் நாலு பாக்கெட் என்றால் இந்தக் கத்தி உங்களுக்கு அநேகமாக விளையாட்டுச் சாமான்தான். பத்து நாள் ஆசையாக மாட்டிக்கொண்டு திரிவீர்கள், அப்புறம் மேசை டிராயருக்குள் போய்விடும். ஆனால் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நாள் முழுக்கத் தோட்டத்தில் நிற்பவர், இடுப்புப் பட்டை வைத்த பெரிய பையைச் சுமந்து மலையேறுபவர், இடுப்பளவு தண்ணீரில் இறங்கி மீன் பிடிப்பவர், இவர்களுக்கெல்லாம் கத்தி வைக்க இடுப்பில் இடமே கிடையாது; மடியில் சொருகினால் குனியும்போது விழும், பையில் போட்டால் தேவைப்படும் நேரத்தில் கைக்கு வராது. அவர்களுக்கு இது உண்மையிலேயே வேலைக்காகும் பொருள். விலை கம்மியா அதிகமா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

பார்த்திராதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மடங்காத, ஒரே துண்டு இரும்பில் செய்த சின்னக் கத்தி. அலகு 5 முதல் 7 செ.மீ., மொத்த நீளம் 15 செ.மீ. பக்கம், உறையோடு சேர்த்து 100 கிராம் பக்கம் எடை. உறை தலைகீழாகத் தொங்கும், பிடி தரையைப் பார்த்திருக்கும், கீழ்நோக்கி இழுத்தால் கத்தி கையில். இது ஒன்றும் புது யோசனை இல்லை. வட அமெரிக்காவின் பெரிய ஏரிகளைச் சுற்றி வாழ்ந்த பழங்குடியினர் முள்ளம்பன்றி முள் வைத்து அலங்கரித்த தோலுறையில் கத்தியைக் கழுத்தில் மாட்டியிருந்தார்கள். 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அப்படிப்பட்ட உறைகள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. நம் ஊர்ப் பனையேறியைப் பாருங்கள், அவர் பாளை சீவும் அரிவாளைக் கழுத்தில் மாட்டுவதில்லை, இடுப்புக்குப் பின்னால் கட்டிய பெட்டியில் வைக்கிறார். மரத்தை நெஞ்சால் அணைத்து ஏறுகிறவருக்கு நெஞ்சில் எதுவும் தொங்கக் கூடாது. உடம்பில் எந்த இடம் வேலையின்றி இருக்கிறதோ அங்கேதான் கத்திக்கு இடம்.

எனக்கு இந்தப் பழக்கம் வந்தது திருவையாறு பக்கம் மாமாவின் வாழைக்கொல்லையில். விடுமுறைக்குப் போனால் சும்மா உட்கார முடியாது, சொட்டுநீர்க் குழாய் வேலை என் தலையில் விழும். அணில் கடித்தது, மண்வெட்டி பட்டது என்று எங்கேயாவது ஓட்டை இருந்துகொண்டே இருக்கும். அந்த 16 மி.மீ. குழாயை இரண்டு பக்கமும் நேராக அறுத்து ஜாயினரைச் சொருக வேண்டும். ஒரு கையில் தண்ணீர் பீச்சுகிற குழாய், இன்னொரு கை சேறு, கைலி தொடை வரைக்கும் ஏற்றிக் கட்டியது. அரிவாள் வரப்பில் கிடக்கும், எழுந்து போய் எடுத்து வருவதற்குள் குழாய் கை நழுவிவிடும். அந்த நேரத்தில் நெஞ்சுக்குக் கைபோய் கத்தி வருவது எவ்வளவு சௌகரியம் என்பது ஒரு தடவை செய்து பார்த்தவருக்குத்தான் தெரியும். இதே போல முட்டுக் கொடுத்த கம்பில் கட்டிய நைலான் கயிறு, கைக்கெட்டும் வாழை இலை, உர மூட்டையின் வாய். (உர மூட்டைக்கு உண்மையில் கத்தி தேவையில்லை, சங்கிலித் தையலில் சரியான நுனியைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் உருவிக்கொண்டு வரும். ஆனால் அந்த நுனி எது என்று தேடிக்கொண்டே இருப்போம்.)

தார் வெட்ட, கன்று எடுக்க, மட்டை கழிக்க இது ஆகாது, அதற்கெல்லாம் அரிவாள்தான். சமையலுக்கும் பெரிதாக உதவாது, ஒரு மாங்காய் கீறித் தின்னலாம், நாலு பேருக்கு வெங்காயம் நறுக்கினால் விரல் மூட்டு பலகையில் இடிக்கும். சின்னச் சின்ன அறுப்பு வேலை, ஆனால் நாளைக்குப் பத்து தடவை: இதுதான் இந்தக் கத்தியின் எல்லை.

உறையைச் சோதியுங்கள், கத்தியை அப்புறம் பார்க்கலாம்

மலிவான கத்தியில் காசை மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் உறையில்தான், நம் காலில் விழுவதும் அதனால்தான். நான் முதலில் 450 ரூபாய்க்கு வாங்கியது பார்க்க அழகாக இருந்தது. மூன்றாம் நாள் மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் தொட்டியில் கை கழுவக் குனிந்தேன், நெஞ்சில் ஏதோ லேசானது போல இருந்தது, அவ்வளவுதான். கத்தி என் வலது கால் பெருவிரலுக்கு இரண்டு விரல்கடை தள்ளிச் சேற்றில் நட்டுக்கொண்டு நின்றது. செருப்பு கூடப் போட்டிருக்கவில்லை. விற்றவரிடம் சொன்னால், "உறை அப்படித்தான் சார் இருக்கும், பழகப் பழகச் சரியாகிவிடும்" என்றார். பழகப் பழக உறை இன்னும் இளகுமே தவிர இறுகாது.

அதனால் கத்தி கைக்கு வந்த அன்றே இதைச் செய்யுங்கள். ஒரு வாளியில் மணல் நிரப்புங்கள். கழுத்தில் மாட்டாமல், உறையின் மேல்பக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, பிடி கீழே தொங்க, வாளிக்கு மேலே பத்து தடவை நன்றாக உதறுங்கள், வெளக்கமாற்றைத் தட்டுகிற வேகத்தில். விழவில்லையா, சரி. இப்போது கத்தியையும் உறையையும் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து மறுபடி பத்து தடவை. ஈரத்தில் விடாத உறைதான் வேர்வையிலும் மழையிலும் விடாது. இரண்டிலும் தேறினால் அதை நம்பலாம். தேறாவிட்டால் திருப்பி அனுப்புங்கள். அனுப்ப வழியில்லை என்றால் பழைய சைக்கிள் டியூபில் ஒரு விரல் அகலத்துக்கு வளையம் வெட்டி, உறையின் வாயையும் பிடியையும் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி மாட்டுங்கள். எடுக்க ஒரு நொடி கூடும், ஆனால் கால் தப்பிக்கும். கைடெக்ஸ் (சூட்டில் இளகி வளையும் ஒரு பிளாஸ்டிக் தகடு) உறை என்றால் சூட்டுக்காற்றுத் துப்பாக்கியில் இளக்கி மறுபடி அழுத்தி இறுக்கலாம், பழக்கமுள்ளவர் செய்தால் நன்றாக வரும். அச்சில் வார்த்த சாதா பிளாஸ்டிக்கில் அதை முயல வேண்டாம், கோணிக்கொள்ளும்.

அளவுக்கு மீறி இறுக்கமான உறையும் ஆபத்துதான். வராது வராது என்று முக்கி இழுக்கும்போது சட்டென்று விடும், கை எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. கட்டைவிரலை உறையின் விளிம்பில் அழுத்தித் தள்ளினால், மற்ற விரல்கள் பிடியைப் பிடித்திருக்க, 'டிக்' என்று நிதானமாக விடுபட வேண்டும். இழுக்காதீர்கள், தள்ளுங்கள். கத்தி எடுக்கிற முறை இதில் அடங்கிவிட்டது.

திரும்ப உறையில் போடுவதில்தான் நிறைய பேர் கையைக் கிழித்துக்கொள்கிறார்கள். கண் வேலையில் இருக்கும், கை தானாக நெஞ்சுக்குப் போகும், கத்தி முனை மேலே பார்த்து, அதாவது உங்கள் தாடையைப் பார்த்து வரும். அதனால் ஒரு நிமிடம் வேலையை நிறுத்தி, இடது கையால் உறையை உடம்பிலிருந்து ஒரு சாண் முன்னால் இழுத்து, முனையை வெளிப்பக்கம் சாய்த்து, பார்த்துக்கொண்டே சொருகுங்கள். அவசரம் என்றால் உறையில் போடவே போடாதீர்கள், வரப்பில் குத்தி வையுங்கள்.

கயிறு அறுந்துபோக வேண்டும்

பெட்டியில் வரும் பாராகார்ட் எனும் பாராசூட் நைலான் கயிறு 550 பவுண்டு தாங்கும் என்று பெரிதாக எழுதியிருப்பார்கள், கிட்டத்தட்ட 250 கிலோ. கழுத்தில் மாட்டுகிற பொருளுக்கு அது பெருமை இல்லை. மோட்டார் பெல்ட்டில், பவர் டில்லரில், மாட்டுத் தீவனம் வெட்டும் இயந்திரத்தில் அந்தக் கயிறு சிக்கினால் கயிறு அறாது, நீங்கள்தான் போவீர்கள். மரக்கிளையில் மாட்டிக்கொண்டு கால் வழுக்கினாலும் அதே கதை. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்: இழுத்தால் கழலாத கயிற்றில் கத்தியைக் கழுத்தில் மாட்டவே கூடாது.

வழி சுலபம். பள்ளி, ஆபீஸ் அடையாள அட்டை டேக்குகளில் சிலவற்றுக்குப் பிடரிப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் கிளிப் இருக்கும், வெடுக்கென்று இழுத்தால் இரண்டாகப் பிரிந்துவிடும். அப்படி ஒரு டேக் கிடைத்தால் அதுவே போதும், பட்டையாக இருப்பதால் கழுத்தையும் அறுக்காது. கிடைக்கவில்லையா, இருக்கிற கயிற்றைப் பிடரிப் பக்கம் வெட்டி, இரண்டு நுனியிலும் கண்ணி போட்டு, அவற்றைத் தையல் நூலால் நாலைந்து சுற்றுச் சுற்றிக் கட்டிவிடுங்கள். எத்தனை சுற்று என்று எப்படித் தெரியும்? கதவுக் கொக்கியில் கயிற்றை மாட்டி, கீழே 5 கிலோ அரிசிப் பையைத் தொங்கவிடுங்கள். நூல் அறுந்து பை கீழே விழ வேண்டும். விழவில்லை என்றால் ஒரு சுற்றுக் குறையுங்கள். கத்தியின் 100 கிராமுக்கு அது தாராளமாகத் தாங்கும். சின்ன உருண்டைகள் கோத்த மாதிரி வரும் இரும்புச் சங்கிலியும் பிடித்து இழுத்தால் விட்டுவிடும், ஆனால் வேர்வையில் பிடரியைக் கறுப்பாக்கும்.

அடுத்தது நீளம். நிமிர்ந்து நிற்கும்போது கத்தியின் பிடி நெஞ்செலும்பு முடிகிற குழிக்குப் பக்கத்தில் இருந்தால் எடுக்க வாகாக இருக்கும். தொப்புள் வரைக்கும் தொங்கவிட்டால் நடக்கும்போது ஆடி வயிற்றில் அடிக்கும், குனிந்தால் ஊஞ்சல் மாதிரி முன்னால் வந்து முகத்தைத் தேடும். தோட்ட வேலையில் பாதி நேரம் குனிந்துதான் இருக்கிறோம். அதனால் நான் இப்போது கயிற்றை நீளமாக வைத்து, பூணூல் போடுகிற மாதிரி தோளுக்குக் குறுக்கே போட்டுக்கொள்கிறேன். கத்தி விலாவோடு ஒட்டிக் கிடக்கிறது, குனிந்தாலும் ஆடுவதில்லை, வலது கைக்கு அங்கேயே கிடைக்கிறது. அதிலும் கழலும் கிளிப் வேண்டும், மறந்துவிடாதீர்கள். சட்டைக்குள் விடுவதும் ஒரு வழி, ஆனால் நம் வெயிலுக்கு அரை மணி நேரத்தில் நெஞ்சில் கசகசவென்று ஆகிவிடும்.

கழுத்தில் ஏற்கெனவே சங்கிலி போட்டிருப்பவர்களுக்கு இது ஒத்துவராது. அத்தை ஒருநாள் ஆசையாக வாங்கி மாட்டிப் பார்த்தார்கள், மதியத்துக்குள், "தாலியோட சிக்குதுப்பா, நீயே வச்சுக்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் இடுப்பில் சொருகியிருக்கிற சுருக்குப்பையில் ஒரு கட்டர் இருக்கிறது, வெற்றிலை பாக்கோடு. அவர்களுக்கு அது போதும்.

இரும்பு, தடிமன், வேர்வை

விளம்பரத்தில் இரும்பின் பெயரைத்தான் கொட்டை எழுத்தில் போடுவார்கள். மலிவுக் கத்திகளில் பொதுவாக 3சிஆர்13, 420 மாதிரியான துருப்பிடிக்காத எஃகு வரும். கரி குறைவு, சீக்கிரம் மழுங்கும், ஆனால் நாலு இழுப்பில் கூர் திரும்பிவிடும். கழுத்துக் கத்திக்கு இது குறையே இல்லை. 1095 மாதிரி கரி கூடிய எஃகு கூர் நன்றாக நிற்கும், ஆனால் வேர்வை உப்பில் ஒரே நாளில் செம்புள்ளி விழும், சட்டையில் துருக்கறை வரும், கடற்கரை ஊர் என்றால் கேட்கவே வேண்டாம். அப்படி ஒன்று உங்களிடம் ஏற்கெனவே இருந்தால் தினமும் துடைத்துத் தேங்காயெண்ணெய் ஒரு சொட்டுத் தடவி வையுங்கள். பழமும் அறுக்கிற கத்தி என்பதால் தையல் மெஷின் எண்ணெய் வேண்டாம்.

இரும்பைவிட நான் பார்ப்பது தடிமனை. நிறைய மலிவுக் கத்திகள் "உறுதி" என்று காட்டுவதற்காக 4 மி.மீ. தகட்டில் வருகின்றன. இவ்வளவு குட்டி அலகுக்கு அது ஆப்பு மாதிரி. ஒரு கேரட்டை எடுத்து அறுத்துப் பாருங்கள்: பாதி வரைக்கும் கத்தி போகும், அப்புறம் கேரட் 'டப்' என்று தானாகப் பிளந்துகொள்ளும், வெட்டிய பக்கம் வழவழப்பாக இல்லாமல் சொரசொரப்பாக இருக்கும். அந்தக் கத்தி அறுப்பதில்லை, பிளக்கிறது. 2 மி.மீ. பக்கம் இருந்தால் கடைசி வரை சீராக இறங்கும். சுவீடனின் மோராக்னிவ் நிறுவனம் செய்யும் எல்ட்ரிஸ் கத்தியின் அலகு 2 மி.மீ. தடிமன்தான், நீளம் 59 மி.மீ.; பிடியும் உள்ளங்கை நிறைய உருண்டையாக இருக்கும். அது அவ்வளவு மலிவில்லை, ஆனால் எதை ஒப்பிட்டுப் பார்த்து வாங்க வேண்டும் என்பதற்கு நல்ல அளவுகோல்.

பிடியைப் பற்றி ஒரு வார்த்தை. எடை குறைக்க ஓட்டை போட்ட வெறும் தகட்டுப் பிடி ஐந்து நிமிட வேலைக்குச் சரி. அரை மணி நேரம் கயிறு அறுத்தால் விரல் இடுக்கில் கோடு விழுந்துவிடும். மெல்லிய பருத்திக் கயிற்றைச் சுற்றினால் சரியாகும், ஆனால் சுற்றிய பிறகு உறையின் வாயில் இடிக்கிறதா என்று மறுபடி அந்த மணல் வாளிச் சோதனையைச் செய்யுங்கள். சின்ன விரலுக்கு இடம் இல்லாவிட்டாலும் மூன்று விரலாவது முழுதாகப் பிடிக்க வேண்டும், இரண்டு விரல்தான் பிடிக்கிறது என்றால் வேண்டாம்.

வாழைப்பால் பட்டால் உடனே துடைத்துவிடுங்கள். அப்படியே உறையில் போட்டால் மறுநாள் கறுப்புப் பிசினாக உள்ளே ஒட்டியிருக்கும், அதில் மணல் சேரும், அந்த மணல் ஒவ்வொரு தடவையும் கூரைத் தேய்க்கும். வாரம் ஒருமுறை உறைக்குள் தண்ணீரைப் பீச்சிக் கழுவி நிழலில் கவிழ்த்துக் காயவையுங்கள். தோலுறை பார்க்க அழகு, ஐப்பசி மழையில் பூஞ்சை பிடித்துவிடும்.

தீட்டுவதற்குச் சாணைக்காரரிடம் கொடுக்காதீர்கள், இந்தக் குட்டி அலகு அவர் சக்கரத்தில் இரண்டு தடவை போனாலே சூடேறிப் பதம் போய்விடும், பாதியும் தேய்ந்துவிடும். கூர்ப்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டுக்கொண்டு சாதாரணக் கல்லில் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். மை எங்கே அழிகிறதோ அங்கேதான் கல் படுகிறது. கூரின் நுனி வரை மை அழியும்படி சாய்வைப் பிடித்துக்கொண்டால் போதும். கல் இல்லாத இடத்தில் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து அதன் அடிவிளிம்பில், அந்த மெருகு இல்லாத சொரசொரப்பு வளையத்தில், பத்து இழுப்பு.

வாங்கவே கூடாதவை: இரண்டு பக்கமும் கூர் வைத்தவை, புலிநகம் மாதிரி வளைந்தவை, மண்டையோடு பொறித்தவை. "தற்காப்புக்கு" என்று விற்கிறார்களே, அதை நம்பி யாரும் வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சண்டையில் உங்கள் கழுத்திலேயே எதிராளிக்கு ஒரு கயிறும் கத்தியும் கொடுத்து வைப்பதுதான் அது.

சட்டம் பற்றி. இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டத்தின் கீழான விதிகளில், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருக்கும் கத்திகள் ஆயுதப் பட்டியலில் வருகின்றன, வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் என்று செய்தவை விலக்கு. குத்துவாள் அதே பட்டியலில் தனியாகப் பெயர் சொல்லி இருக்கிறது, இரண்டு பக்கக் கூர் வேண்டாம் என்பதற்கு இதுவும் காரணம். குட்டிக் கத்தி அளவில் தப்பிக்கும்தான், ஆனால் பஸ் ஸ்டாண்டில் சட்டைக்குள் கத்தி மாட்டியவரைப் போலீஸ்காரர் அளவு நாடா வைத்துப் பார்க்க மாட்டார். கொல்லை வேலை முடிந்ததும் கழற்றி வைத்துவிடுங்கள். பைக் ஓட்டும்போதும் வேண்டாம், விழுந்தால் நெஞ்சுக்கு நேராக ஒரு இரும்பு. விமானத்தில் கைப்பையில் கூடாது. பிரிட்டனில் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: அங்கே பொது இடத்தில் காரணமின்றி வைத்திருக்க 1988 சட்டம் விலக்குத் தருவது 3 அங்குலத்துக்கு மிகாத மடக்குக் கத்திக்குத்தான். கழுத்துக் கத்தி மடங்காது, ஆகவே எவ்வளவு குட்டியாக இருந்தாலும் அந்த விலக்கில் சேராது, தகுந்த காரணம் காட்ட வேண்டியிருக்கும்.

இவ்வளவுக்கு அப்புறமும் வாங்கலாமா வேண்டாமா என்று குழப்பம் இருந்தால், காசு செலவழிப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். பழைய அடையாள அட்டை டேக்கில் 100 கிராம் எடைக்கு ஒரு சாவிக்கொத்தைக் கட்டி மூன்று வேலை நாள் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேலை பாருங்கள். எதையாவது அறுக்க வேண்டி வந்து கை நெஞ்சுக்குப் போகிற ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். சாவிக்கொத்து ஆடி எரிச்சல் மூட்டினால் கத்தியும் அதையேதான் செய்யும். கொல்லையில் நான் போட்டது மூன்று நாளில் 31 கோடு. மாமா மகன் கோயம்புத்தூரில் ஆபீஸ் வேலை, அவனையும் போடச் சொன்னேன். இரண்டு கோடு, இரண்டும் கூரியரில் வந்த அட்டைப்பெட்டி. அவனுக்கு 30 ரூபாய் கட்டர் ஒன்று வாங்கிக் கொடுத்தேன், மேசைமேல் பேனா ஸ்டாண்டில் இருக்கிறது.